ஆபரேஷனுக்குப் பிறகு இரைப்பை அசையவில்லை, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன் முடிந்து இன்று நாலாவது நாள். மூக்குக் குழாயில் இன்னும் பச்சையாக நீர் வந்துகொண்டிருக்கிறது. வாயு பிரிந்ததா என்று மணிக்கொரு தரம் கேட்டு அவரிடம் திட்டு வாங்கியாயிற்று. பொதுவாகச் சிறுகுடல் 24 மணி நேரத்துக்குள்ளும், இரைப்பை 48 மணிக்குள்ளும், பெருங்குடல் 72 மணிக்குள்ளும் இயங்கத் தொடங்குமாம்.

குடலைக் கையால் தொட்டதுமே உணர்வு நரம்புகள் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்ப, அங்கிருந்து பரிவு நரம்புகள் (உள்ளுறுப்புகளைத் தானாகக் கட்டுப்படுத்தும் sympathetic நரம்புகள்) வழியாக 'அசையாதே' என்று உத்தரவு வருகிறதாம். எலிகளில், மிளகாயின் காரச்சத்தான கேப்சைசினைக் கொண்டு அந்த உணர்வு நரம்புகளைச் செயலிழக்கச் செய்தபோது இரைப்பை சீக்கிரம் மீண்டதாகப் படித்தேன். மனிதர்களுக்கு எபிடியூரல் (முதுகில் தண்டுவடத்தைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்துவது) தவிர, இப்படி நரம்புச் சேதியைத் தடுக்கும் வழியில் வேறு சிகிச்சை உண்டா? வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினும் குடலை மந்தமாக்குமே, அதைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாமா? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் எழுதுங்கள்.