நாம் செய்த விமான மாடலைப் பார்த்துவிட்டு ஒருவர் சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகாதவர்கள் இங்கே எழுதுங்கள்

முருகேஷ்பாளையாக்காரன்:

நான்கு வருடமாக உறுத்துகிற விஷயம் இது. வேறு யாரிடம் சொன்னாலும் "பொம்மை ஏரோப்ளேனுக்கா இவ்வளவு?" என்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

1/72 அஜீத், அதாவது நேட் போர் விமானத்தை வைத்து எச்.ஏ.எல். உருவாக்கிய விமானம், நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவில். ஒன்றரை மாத வேலை. டீகால் (சின்னங்களின் ஒட்டுப்படம்) ஒட்டி, கடைசி வார்னிஷும் அடித்துக் காய வைத்திருந்தேன். கீழ்வீட்டுப் பெரியவர் மோட்டார் போடச் சொல்ல மாடிக்கு வந்தார். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கதவருகிலேயே நின்றுவிட்டார். "இது நம்ம அஜீத் இல்ல?" என்றார். பார்க்கிறவர்கள் எல்லாம் நேட் என்பார்கள். அவர் அஜீத் என்று சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார். முதலில் கவிழ்த்துச் சக்கரத்தைப் பார்த்தார். "சக்கரத்த பாதி இறக்கினா அதுதான் இதுக்கு ஏர் பிரேக்கு, தெரியுமா தம்பி?" தெரியும்தான். ஆனாலும் அவர் பேசட்டும் என்று "தெரியாதுங்க ஐயா" என்றேன். அப்புறம் இறக்கையின் மேல், தகடுகள் சேரும் பேனல் கோட்டின் வழியாக, அது எடுப்பாகத் தெரிய நான் கறுப்பு வாஷ் (நீர்த்த பெயின்ட்) விட்டிருந்த இடத்தில், நகத்தை மெதுவாக ஓட்டினார். "றெக்கைக்குள்ளயே பெட்ரோல் நிக்கும். இவ்ளோ பள்ளம் விட்டா ஒழுகிடாதா?"

குறை சொல்லவில்லை. தன் வேலையைத் தானே பார்க்கிற மாதிரி, உண்மையான கவலையோடு கேட்டார். அன்று ராத்திரி அளந்து பார்த்தேன். கோடு கால் மில்லிமீட்டர். 72ஆல் பெருக்கினால் 18 மி.மீ. நிஜ விமானத்தில் அது விரலை விடுகிற பிளவு.

உறுத்துவது அதுகூட இல்லை. கிளம்பும்போது, "ஒரு நாள் கீழ வச்சிருந்து தரட்டுமா, பேரன் வர்றான்" என்று கேட்டார். "வார்னிஷ் காயலைங்க ஐயா, நாளைக்கு நானே கொண்டு வர்றேன்" என்றேன். காயவில்லை என்பது நிஜம்தான். மறுநாள் ஆபீஸ், அடுத்த வாரம் ஊர். இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்து மகனோடு ஓசூர் போய்விட்டார்கள்.

இடது இறக்கையின் அடியில், காயாத வார்னிஷில் அவர் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. தேய்த்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அல்சூர் ஏரிக்கரை:

படித்ததும் எனக்கு மாருத், எச்.ஏ.எல். செய்த போர் விமானம், நினைவு வந்துவிட்டது. எச்.ஏ.எல். மியூசியத்தில் நிற்கிறதே, அதுதான். குர்ட் டாங்க் வடிவமைத்தது, 1961 ஜூன் 17-ல் முதலில் பறந்தது, மொத்தம் 147 விமானம், ஆர்ஃபியஸ் எஞ்சின் போதாமல் போனது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. மாடலில் சக்கரம் மடங்கும் குழியை நானே பிளாஸ்டிக் ஷீட் வெட்டிச் செய்ய வேண்டியிருந்ததால் படம் எடுக்கப் போனேன்.

கயிற்றுக்கு வெளியே குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மனைவியோடு வந்து, "என்னம்மா, அடியில என்ன தேடுற?" என்று தமிழிலேயே கேட்டார். சொன்னேன். ஜோத்பூரில் இதைச் சர்வீஸ் பண்ணியவராம். நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, கையைக் காற்றில் நீட்டி, எந்த மூடி எந்தப் பக்கம் திறக்கும், அதற்குள் என்ன இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். காற்றில்தான். ஆனால் ஒவ்வொரு மூடிக்கும் மணிக்கட்டு வேறு வேறு மாதிரி திரும்பியது. ஒரு இடத்தில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "இங்க சுடும்" என்றார்.

மொபைல் என் கையில்தான் இருந்தது. வீடியோ எடுக்கத் தோன்றவில்லை. அவர் மனைவி "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றதும் போய்விட்டார். அவர் சொன்னதில் எனக்கு நினைவிருப்பது மூன்று மூடி.

முருகேஷ்பாளையா சார், ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. பெரியவர் சொன்னது இறக்கைத் தகட்டுக்கு. எரிபொருள் நிற்கிற இடத்தில் இணைப்பை சீலன்ட் வைத்து அடைத்திருப்பார்கள். திறந்து மூடுகிற மூடிக்கு நிஜத்திலும் இடைவெளி உண்டு. எல்லாக் கோட்டையும் அடைத்துவிடாதீர்கள்.

ஸ்ப்ரூ கட்டர்:

என் கதை சின்னது. மிக்-21 ஓய்வு பெற்ற அன்று, 2025 செப்டம்பர் 26, கிட் பெட்டியைத் திறந்தேன். அலுமினியம் அடித்தது மழை நாளில். பெயின்ட் பால் மாதிரி வெளுத்துவிட்டது. பார்த்த என் அப்பா "பாசி பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் மேலே இருவர் சொன்னதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். வாஷ் விடுவது தப்பே இல்லை, கறுப்பு விடுவதுதான் தப்பு. அடிநிறத்தைவிட இரண்டு படி அடர்த்தியான நிறத்தை விடுங்கள். சாம்பல் விமானத்துக்கு அடர் சாம்பல், மூடிகளைச் சுற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. கோடு தானாகவே மெலிந்து தெரியும்.

டீகாலுக்கு முன்னால் கிளாஸ் கோட் (பளபளப்பான பூச்சு) கட்டாயம். பளபளப்பில்லாத மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளியாக மினுக்கும். நம் விமானப்படையின் வட்டச் சின்னமான ரவுண்டெலில் நடுவில் பச்சை, சுற்றி வெள்ளை, வெளியே காவி. அந்த வெள்ளை வளையத்தில்தான் மினுக்கல் முதலில் காட்டிக்கொடுக்கும். ஒட்டியதும் டீகாலை இளக்கும் சாஃப்ட்னர் தடவினால் சுருங்கும், பயந்து விரலால் தொடாதீர்கள். காயும்போது தானே படிந்துவிடும்.

மழைக் காலத்தில் லாக்கர் பெயின்ட் அடிக்கிறவர்கள் ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்துவது) கலந்த தின்னர் வாங்குங்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுப்பதால்தான் வெளுக்கிறது. வெளுத்தாலும் பதற வேண்டாம், வெறும் தின்னரை மெல்லிய புகையாக ஒருமுறை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கம்ப்ரஸரில் ஈரப்பொறி இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் விட, துணி மாஸ்க் கட்டிக்கொண்டு லாக்கர் அடிக்காதீர்கள். அது தூசிக்கே சரியாக வராது. ஆவியைத் தடுக்கிற கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் தனியாக விற்கிறது, அதை வாங்குங்கள். குழந்தை இருக்கிற வீட்டில் சூப்பர் குளூ ஆவியும் வேண்டாம். கேனபியையே (விமானி அறையின் கண்ணாடி மூடி) வெள்ளைப் படலமாக்குகிற ஆவி அது, மூச்சில் போகலாமா?

அல்சூர் ஏரிக்கரை:

எல்லாம் நல்ல விஷயம், சேமித்துக்கொண்டேன். ஆனால் முருகேஷ்பாளையா சார் கேட்டது வாஷ் பற்றி இல்லையே. பெரியவரைப் பற்றித்தானே எழுதியிருக்கிறார்?

ஓசூர் ரோடு:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பொம்மசந்திராவில் வேலை, வீடு ஓசூர். இந்தப் பேச்சைப் படித்துவிட்டு நேற்று தூக்கமே வரவில்லை.

என் தாத்தாவும் எச்.ஏ.எல்.லில்தான் இருந்தார், வெல்டிங் பிரிவில். அவருக்காக என்று கிரண் பயிற்சி விமான மாடல் ஒன்றை ஆரம்பித்தேன். மூக்கில் வைக்க தூண்டில் ஈயக்குண்டு வாங்கி, எத்தனை வைத்தாலும் வால் தரையில் உட்கார்ந்துவிடுகிறதே என்று பெட்டியில் போட்டு மூடினேன். கடைசித் தடவை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "அந்த ப்ளேன் நின்னுச்சா?" என்று கேட்டார். நின்றுவிட்டது என்றேன். பெட்டி இப்போதும் பரண் மேல்தான் இருக்கிறது.

சார், பழைய வீட்டுக்காரரிடம் அவர் மகனின் நம்பர் கண்டிப்பாக இருக்கும், அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்திருப்பாரே. கேட்டு வாங்குங்கள். பஸ்ஸில் கொண்டுவருவதானால் ஸ்வீட் டப்பாவில் ஸ்பாஞ்ச் வெட்டி, வயிற்றுப் பக்கம் மட்டும் தாங்குகிற மாதிரி வையுங்கள். பஞ்சு வேண்டாம், பிட்டோ குழாயில் (வேகம் அளக்க நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய்) மாட்டிக்கொள்ளும்.

முருகேஷ்பாளையாக்காரன்:

காலையில் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நம்பர் கிடைத்தது. இன்னும் கூப்பிடவில்லை. நான்கு வருடம் ஆகிவிட்டதே, யார் எடுப்பார்களோ, என்ன சொல்வார்களோ என்றுதான் கை தயங்குகிறது. டப்பா வாங்கி ஸ்பாஞ்ச் வெட்டி வைத்துவிட்டேன்.