நிக்கான் எஃப்3 வைத்திருப்பவர்கள் சொல்வது

பழைய எஃப்3 ஃபிலிம் கேமராவைக் கையில் வாங்கிச் சோதிக்கும்போது அடிக்கடி குழப்பம் வருவது ஓரிடத்தில். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு 1/2000-லும் 1/8-லும் ஷட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரி கேட்கும். "ஷட்டர் போச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஷட்டர் போகவில்லை. ஃப்ரேம் எண் 1-ஐத் தொடும்வரை, டயலில் எந்த வேகம் இருந்தாலும் இந்தக் கேமரா 1/80-லேயே அடிக்கும். ஃபிலிம் ஏற்றும்போது லென்ஸ் மூடி போட்டிருந்து, டயல் ஆட்டோவில் (கேமராவே வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலை) இருந்தால், ஷட்டர் பல விநாடி திறந்தே நிற்கும். அதைத் தவிர்க்க வைத்த ஏற்பாடு இது. கதவைத் திறந்ததும் எண் ஆரம்பத்துக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். கதவை மூடுங்கள், எண் 1-ஐத் தாண்டும்வரை சுற்றுங்கள், பிறகு லென்ஸைக் கழற்றி முன்பக்கமிருந்து பாருங்கள்.

1, 2, 4, 8 விநாடிகளைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டாலே போதும். நடு வேகங்களுக்குக் கைபேசியின் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் உதவும்: 1/30 என்றால் சுமார் 8 ஃப்ரேம் திறந்திருக்க வேண்டும். அதற்கு மேலே அது நம்பத் தக்கதல்ல. வேகமானவற்றுக்கு ஃபிலிம்தான் சாட்சி. ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டு, நிழலில் உள்ள ஒரே நிறச் சுவரை 1/2000 எஃப்/2 (எஃப் எண் அப்பர்ச்சரின், அதாவது லென்ஸ் துளையின் அளவு), 1/1000 எஃப்/2.8, 1/500 எஃப்/4 என்று இறங்கி 1/60 எஃப்/11 வரை எடுங்கள். எல்லா நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். 1/2000-ல் மட்டும் படத்தின் ஒரு பக்கம் இருண்டால், ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. அது சர்வீஸ் வேலை, பயன்படுத்துபவர் கைவைக்கும் இடமல்ல. டைட்டானியம் திரையில் மெல்லிய சுருக்கம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஓட்டை, கிழிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

*

மேலே சொன்னதோடு ஒன்று: எஃப்3 வந்தது 1980-ல், தயாரிப்பு நின்றது 2001 வாக்கில். ஆகவே எந்தப் பாடியானாலும் (லென்ஸ் நீங்கலான கேமரா) வெளிச்சம் புகாமல் அடைக்கும் நுரைப்பட்டை வயதால் கெட்டிருக்கலாம் என்று சந்தேகிப்பதில் தவறில்லை. பித்தளை தெரியத் தேய்ந்த பாடி ஒழுங்காக ஓடும், அலமாரியில் பளபளவென்று இருந்தது ஒட்டும் பிசினோடு வரும்.

கதவின் பள்ளங்களிலும் கீல் ஓரத்திலும் உள்ள நுரையைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். கருப்பாகப் பிசுபிசுத்தால் மாற்ற வேண்டும். அதைவிட முக்கியமானது லென்ஸுக்குப் பின்னால் உள்ள கண்ணாடி, படம் எடுக்கும்போது மேலே போய் மோதும் இடத்தில் உள்ள நுரை. அது கரைந்தால் கண்ணாடி விளிம்பில் ஒட்டி, மேலே சென்றது இறங்கத் தாமதிக்கும். துகள்கள் ஃபோகஸிங் ஸ்க்ரீனில் (வ்யூஃபைண்டருக்குக் கீழே உருவம் விழும் தட்டு) விழும்.

மாற்றும் முறை: முதலில் வ்யூஃபைண்டரைக் கழற்றி ஸ்க்ரீனை வெளியே எடுத்துவிடுங்கள். ஸ்க்ரீன் பிளாஸ்டிக், கரைப்பான் பட்டால் பாழ். மரக் குச்சியைச் சரிவாகச் சீவி நுரையைச் சுரண்டி எடுங்கள், உலோகம் வேண்டாம். மிச்சப் பிசினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால், சொட்டாத அளவுக்குப் பிழிந்து, துடைக்கவும். இதைச் செய்யும்போது கேமராவைத் தலைகீழாகப் பிடித்தால் துகள் உள்ளே விழாது. புது நுரையைத் தடிமன் பார்த்து வாங்குங்கள். தடித்துப்போனால் கதவு சரியாக மூடாது. கண்ணாடியின் மேற்பரப்பைத் துணியால் துடைக்கவே கூடாது. வெள்ளிப்பூச்சு முன்பக்கத்தில்தான் இருக்கிறது, கீறினால் கீறியதுதான். ஊதுபந்து போதும்.

அடித்தட்டில் ஒரு சின்ன மூடி உண்டு. ஃபிலிமைச் சுற்றும் எம்டி-4 மோட்டார் மாட்டும்போது கழற்ற வேண்டியது. மோட்டாரோடு இருந்து தனியாக விற்கப்படும் பாடிகளில் இது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அந்த ஓட்டை ஃபிலிம் சுருள் இருக்கும் அறைக்குள் திறக்கிறது, வெளிச்சம் கசியும். தற்காலிகமாகக் கருப்புத் துணி டேப் ஒட்டலாம்.

*

பேட்டரி பற்றி யாரும் சொல்லவில்லை. எல்ஆர்44 (ஆல்கலைன்) இரண்டு போடலாம், அல்லது எஸ்ஆர்44 (சில்வர் ஆக்ஸைடு) இரண்டு போடலாம். இரண்டாவதைப் போடுங்கள். சில்வர் ஆக்ஸைடு கடைசிவரை ஏறக்குறைய ஒரே மின்னழுத்தம் தரும்; ஆல்கலைன் படிப்படியாக இறங்கும், கசியவும் செய்யும். கசிந்து பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பின் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடவும்.

பேட்டரி தீர்ந்தால் சாதாரண ஷட்டர் பொத்தான் வேலை செய்யாது. முன்பக்கத்தில் உள்ள சிறு நெம்புகோலை அழுத்தினால் சுமார் 1/60-ல் இயந்திரத்தாலேயே அடிக்கும். அப்பர்ச்சரை வைத்து வெளிச்சத்தைச் சமாளிக்க வேண்டியதுதான். இரவில் நீண்ட எக்ஸ்போஷர் எடுப்பவர்கள் 'பி'-யை (பொத்தானை அழுத்திப் பிடிக்கும்வரை திறந்திருப்பது) விட்டு 'டி'-யில் வையுங்கள். 'டி' திறந்திருக்கும் நேரத்தில் பேட்டரி செலவாகாது. டயலை வேறு வேகத்துக்குத் திருப்பினால் மூடும்.

*

எல்லோரும் பாடியைப் பற்றியே பேசுகிறார்கள். படம் கெடுவது ஃபோகஸில்.

பலரிடம் இருப்பது நடுவில் பிளவு வட்டம் (ஃபோகஸ் தவறினால் உருவம் இரண்டாகப் பிரிந்து தெரியும் வட்டம்) கொண்ட 'கே' ஸ்க்ரீன். 50 மி.மீ. எஃப்/1.4-க்கு அருமை. எஃப்/5.6 டெலி (தொலைவு) லென்ஸ் மாட்டினால் பிளவின் ஒரு பாதி கருத்துவிடும், கண்ணைச் சற்று நகர்த்தினால் மறு பாதி கருக்கும். இது பழுதல்ல, பிளவு வட்டத்தின் இயல்பு. டெலி அதிகம் பயன்படுத்துகிறவர்கள் பிளவு வட்டமில்லாத 'பி' அல்லது கட்டம் போட்ட 'இ' ஸ்க்ரீனுக்கு மாறலாம். அப்போது முழுத் திரையிலும் எங்கு வேண்டுமானாலும் ஃபோகஸ் செய்யலாம், இன்னொரு சிக்கலும் தீரும். 50 மி.மீ. எஃப்/1.4-ல் 1 மீட்டரில் உள்ள முகத்தை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, பிறகு 12 டிகிரி திருப்பி ஃப்ரேம் அமைத்தால், ஃபோகஸ் தளம் முகத்துக்கு 2 செ.மீ. பின்னால் போய்விடுகிறது. அந்த நிலையில் தெளிவின் மொத்த ஆழமே 3.5 செ.மீ.-க்கும் குறைவு. கண்ணுக்குப் பதில் காது தெளிவாக வரும் படங்களில் பல இப்படித்தான் உருவாகின்றன. 105 மி.மீ. எஃப்/2.5-ல் 2 மீட்டருக்கு ஆழம் 5 செ.மீ. சொச்சம், அங்கும் இதே கதை.

தெருவில் நடந்துகொண்டே எடுப்பவர்களுக்கு வேறு வழி. 28 மி.மீ. லென்ஸை எஃப்/8-ல் வைத்து, தூரத்தை 3.3 மீட்டருக்குத் திருப்பிவிட்டால் 1.6 மீட்டர் முதல் முடிவிலி வரை தெளிவு. 35 மி.மீ. என்றால் 5 மீட்டரில் வையுங்கள், 2.5 மீட்டரிலிருந்து கிடைக்கும். பெரிய பிரிண்ட் போடப்போகிறீர்கள் என்றால் ஒரு ஸ்டாப் (எஃப்/11-க்கு) கூடுதலாக மூடுங்கள்.

எல்லாத் தூரத்திலும் ஒரே பக்கமாகத் தவறினால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். ஸ்க்ரீன் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கண்பவர் சரிதானா என்று பாருங்கள். கண்ணாடி அணிபவர்களுக்கு ஹெச்பி வ்யூஃபைண்டர்தான். கண்ணை 25 மி.மீ. தள்ளி வைத்தும் நான்கு மூலையும் தெரியும். உருவம் சற்றுச் சிறியது என்பது அதன் விலை.

*

மீட்டர் (வெளிச்சத்தை அளப்பது): நடுவில் உள்ள 12 மி.மீ. வட்டத்துக்கே 80 சதவீத எடை. அளக்கும் செல் கண்ணாடிக்குக் கீழே பாடிக்குள் இருப்பதால் எந்த வ்யூஃபைண்டர் மாட்டினாலும் மீட்டர் ஓடும். மிக வெளிச்சமும் மிக இருளும் இல்லாத நடுச் சாயல் உள்ள இடத்தை வட்டத்தில் வைத்து, முன்பக்கப் பொத்தானை அழுத்திப் பூட்டி, பிறகு ஃப்ரேம் அமையுங்கள். பின்வெளிச்சத்தில் எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்கும் காம்பன்சேஷன் டயலை விட இந்தப் பொத்தான் மேல். டயலைத் திருப்பியவர் திரும்பப் பூஜ்யத்தில் வைக்க மறந்துவிடுவார்.

ட்ரைபாடில் ஆட்டோவில் எடுக்கும்போது கண்துளை வழியாகவும் வெளிச்சம் புகுந்து மீட்டரை ஏமாற்றும். ஹெச்பி-யில் கண்துளைத் திரை இருக்கிறது, மூடுங்கள். மீட்டர் காட்டும் எண்கள் துள்ளினால் அப்பர்ச்சர் வளையத்தையும் ஐஎஸ்ஓ டயலையும் இருபது, முப்பது முறை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். தொடர்பில் படிந்த அழுக்குதான் பெரும்பாலும்.

*

லென்ஸ்: நிக்கானின் ஏஐ, ஏஐ-எஸ், ஏஎஃப்-டி வகைகள் எல்லாம் முழுதாக வேலை செய்யும் (ஏஎஃப்-டி-யில் ஃபோகஸைக் கையால்தான் செய்ய வேண்டும்). ஏஐ-க்கு முந்தியவற்றை மாட்டுமுன் பாடியின் இணைப்பு நாக்கை மேலே மடக்கி வையுங்கள். மறந்து திருகினால் நாக்கு உடையும். அந்த லென்ஸ்களில் அப்பர்ச்சரை மூடித்தான் மீட்டரைப் படிக்க வேண்டும். 'ஜி' லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் இல்லாததால் எப்போதும் மிகச் சிறிய அப்பர்ச்சரிலேயே எடுக்கும். அப்பர்ச்சரை மின்சாரத்தால் இயக்கும் புதிய 'இ' வகை முழுதாகத் திறந்தே நிற்கும்.

*

ஃபிளாஷ் பயன்படுத்துவீர்களானால் ஒரு எச்சரிக்கை. ஃபிளாஷ் மாட்டும் ஷூ மேலே நடுவில் இல்லை, ரீவைண்ட் குமிழைச் சுற்றி இருக்கிறது. சாதாரண ஃபிளாஷுக்கு ஏஎஸ்-4 அடாப்டர் வேண்டும். மாட்டியபின் குமிழைத் தூக்க முடியாது. குமிழைத் தூக்காமல் கதவு திறக்காது. ஆகவே ஃபிலிம் மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இது தொந்தரவாகப் பட்டால் ஏஎஸ்-7 தேடுங்கள், அது மாட்டியிருக்கும்போதே ஃபிலிம் மாற்றலாம். ஃபிளாஷோடு ஒத்துப்போகும் வேகம் (சிங்க்) 1/80 வரை மட்டும். 1/125-ல் வைத்தால் படத்தின் ஒரு பக்கத்தில் நெடுக்காகக் கருப்புப் பட்டை விழும்.