டிலிங்கிட் மக்களோட குல ஆட்சி, நேர்ல பாத்தவங்க அனுபவம் சொல்லுங்க

டிலிங்கிட்ங்கிறவங்க அலாஸ்காவுலயும் பக்கத்து கனடாவுலயும் இருக்கற பழங்குடி மக்கள். கனடாவோட யூகான்ல வைட்ஹார்ஸ்ல இருந்து அலாஸ்கா ஹைவேல ரெண்டு மணி நேரம் போனா டெஸ்லின்னு அவங்களோட ஏரிக்கரை ஊர் வரும். அங்க ஹெரிடேஜ் சென்டர் வாசல்ல செதுக்கின பெரிய மரத்தூண் அஞ்சு நிக்குது, குலத்துக்கு ஒண்ணு. அண்டங்காக்கை, தவளை, ஓநாய், பீவர், கழுகு. அழகுக்கு வச்சதில்லங்க, அவங்க கவர்மென்ட்டே இந்த அஞ்சு குலத்து மேலதான் நடக்குது. முன்னாடி கனடா சட்டம் திணிச்ச தேர்தல் முறைய விட்டுட்டு, 1995ல தன்னாட்சி வந்தப்போ பொதுச்சபைக்கு குலத்துக்கு அஞ்சு பேர்னு மொத்தம் 25 பேர் வச்சாங்க. பெரியவங்களுக்கு தனி சபை இருக்கு, 2011ல ஒப்பந்தம் போட்டு சொந்தமா சமாதான கோர்ட்டுக்கும் வழி பண்ணிட்டாங்க. பிள்ளைங்க எல்லாம் அம்மா குலம்தான். சென்டர்ல இருந்த அக்காகிட்ட பேச்சு குடுத்தா, தன்ன பத்தி சொல்றதுக்கு முன்னாடி அம்மா குலம், அப்பா குலம், பாட்டி எந்த ஊர்னு வரிசையா சொல்லிட்டுதான் தன் பேருக்கே வந்தாங்க, எனக்கு அது ரொம்ப பிடிச்சுது.

---

அருமையா சொன்னீங்க. நான் போனது அலாஸ்கா பக்கம், ஜூனோ. 1982ல இருந்து அங்க செலிப்ரேஷன்னு விழா நடக்குது, இப்பல்லாம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஜூன்ல. ஆடுறவங்க நிறைய பேர் நமக்கு முதுக காட்டி ஆடுவாங்க, ஏன்னா குலச்சின்னம் அவங்க போத்தியிருக்கற போர்வையோட முதுகுப் பக்கம்தான் இருக்கு, சிவப்பு துணி ஓரத்துல வெள்ள பட்டன் வரிசையா தச்சிருக்கும், திரும்புறப்ப வெளிச்சம் பட்டு பளிச்சுனு இருக்கும். பாட்டுகூட குலத்தோட சொத்து, வேற குலத்துக்காரங்க பாடணும்னா அனுமதி வாங்கணும்.

பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பெரியவர், அலாஸ்காவுல அங்கூன்னு ஒரு டிலிங்கிட் ஊர்க்காரர். 1882 அக்டோபர்ல அமெரிக்க கடற்படை அவங்க ஊர குண்டு போட்டு எரிச்சு, படகையும் குளிர்காலத்துக்கு சேத்து வச்ச சாப்பாட்டையும் அழிச்சிருக்கு, பசில பிள்ளைங்களும் வயசானவங்களும் செத்திருக்காங்க. கடற்படை மன்னிப்பு கேட்டதே 2024லதான், 142 வருஷம் ஆகியிருக்கு! அத்தனை வருஷமும் குலத்துக்காரங்க விடாம கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க, அதுக்கே அவங்கள கும்பிடணும்.

யாராவது போறதா இருந்தா அந்த ஜூன் மாசத்துக்கு ரூம் முன்னாடியே போட்டுடுங்க. ஜூனோவுக்கு ரோடு கிடையாது, ஃபிளைட் இல்லன்னா ஃபெர்ரிதான்.