பாலே வகுப்பில் கண்டதும் கற்றதும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கோ

லண்டன் ஹரோவில் இருந்து ஓர் அம்மா

மகள் ஐந்து வயதில் இருந்து பரதம் பழகுகிறாள். எட்டு வயதில், பள்ளிக்கூடத் தோழியைப் பார்த்துப் பாலே என்கிற மேற்கத்தைய நடனமும் வேணும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீட்டுக்குக் கிட்ட ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் வகுப்பு நடக்கும். ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் என்கிற நடனக் கல்வி அமைப்பின் பாடத்திட்டம். அங்கே சேர்த்துவிட்டேன்.

முதல் நாளே பத்து நிமிஷம் பிந்திப் போனோம். பிள்ளைகள் சுவரோரம் கம்பியைப் பிடித்தபடி வரிசையாக நிற்கிறார்கள், பியானோ போய்க்கொண்டிருக்கிறது. மகள் தோழியைக் கண்ட சந்தோஷத்தில் மண்டபத்துக்குக் குறுக்கே ஓடினாள். பியானோ நின்றது. மிஸ் அவளைக் கூப்பிட்டு வாசலடிக்குக் கூட்டிவந்து, குனிந்து, "இங்கே நில். இந்தப் பயிற்சி முடிய நான் உன்னைப் பார்ப்பேன். அப்போது சுவரோரமாக வா" என்றார். சத்தம் போடவில்லை. ஆனாலும் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு முகம் சுட்டது. எங்கட பிள்ளை என்றபடியால்தான் இப்படியோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

வகுப்பு முடியும்வரை நின்று நேரடியாகக் கேட்டேன். கேட்டது நல்லதாகப் போயிற்று. கம்பியில் செய்யும் பயிற்சிக்கு ஒரு வரிசை இருக்கிறதாம். முதலில் ப்லியே, முழங்காலை மடித்து எழும்புவது. பிறகு டோன்டூ, பாதத்தை நிலத்தோடு தேய்த்து நீட்டுவது. இப்படிச் சின்ன அசைவில் தொடங்கி, கடைசியில்தான் காலை உயர வீசுவார்கள். முதல் பத்து நிமிஷத்தை விட்ட கால் சூடேறியிருக்காது. அந்தக் காலை எடுத்த எடுப்பில் வீசினால் தசை பிடித்துக்கொள்ளும். கால் வீசுகிற இடத்தால் குறுக்கே ஓடுகிற பிள்ளைக்கு முகத்தில் உதை விழும். மிஸ் என் பிள்ளையை வாசலில் நிற்பாட்டியது இதற்காகத்தான். அதற்குப் பிறகு நாங்கள் ஒருநாளும் பிந்தவில்லை. கால் மணித்தியாலம் முந்திப் போய், அவளுக்குக் கொண்டை கட்டி, வலை போட்டு, தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவேன்.

பெரிய கஷ்டம் பிறகுதான் வந்தது. பரதத்தில் பாதம் நிலத்தில் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்க வேணும். பாலேயில் குதித்து இறங்கும்போது விரல் நுனி, முன்பாதம், குதிக்கால் என்று ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, முழங்காலை மடித்து, சத்தமே இல்லாமல் இறங்க வேணும். மிஸ் ஒருநாள் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொருவராகக் குதிக்க விட்டு, யார் குதித்தது என்று கேட்டாராம். என் மகளை மட்டும் எல்லாரும் சரியாகக் கண்டுபிடித்தார்களாம். வீட்டுக்கு வந்து அழுதாள்.

அன்றையில் இருந்து பின்னேரங்களில் மேல்மாடி அறையில் பழகத் தொடங்கினாள். கீழே குசினியில் நிற்கிற எனக்கு ஒவ்வொரு குதிப்பும் தலைக்கு மேலே டொம் டொம் என்று கேட்கும். இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். ஒருநாள் மாலை சத்தம் நின்றுவிட்டது. "ஏன் பிள்ளை நிப்பாட்டிட்டாய்?" என்று கீழே இருந்து கேட்டேன்.

"நிப்பாட்டேல்லை அம்மா. குதிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

இரண்டையும் ஒன்றாகப் பழகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேணும். பரதத்தில் முழங்காலை வெளிப்பக்கமாக மடித்து அரைவாசி இறங்கி நிற்கிற அரைமண்டியில் பிள்ளை இருந்து ஆட வேணும். ப்லியேயில் இறங்கிய கையோடு எழும்ப வேணும். தசை வேலை செய்யும் விதம் வேறு வேறு. ஆனால் காலை இடுப்பில் இருந்து வெளிப்பக்கம் திருப்ப வேணும், முழங்கால் பாதவிரல் பார்க்கும் பக்கமே பார்க்க வேணும் என்று பரத ரீச்சரும் சொல்கிறார், பாலே மிஸ்ஸும் சொல்கிறார். பாதத்தை மட்டும் திருப்பி முழங்காலை விட்டால் மூட்டுக்குத்தான் கேடு.

வகுப்பு முடிவில் ரெவரான்ஸ் என்று ஒன்று இருக்கிறது. முழங்காலை மடித்து மிஸ்ஸுக்கு ஒரு வணக்கம், பியானோ வாசிப்பவருக்கு ஒரு வணக்கம். மகள் அதைப் பார்த்துவிட்டு, "எங்கட பரதத்தில தட்டிக்கும்பிடுறது மாதிரித்தான், நிலத்தைத் தொடேல்லை, அவ்வளவுதான்" என்றாள். பிரெஞ்சு அரசவையில் இருந்து வந்த மரியாதை அது. பதினான்காம் லூயி 1661இல் நடனத்துக்கென்றே ஓர் அகாடமி தொடங்கியவர். இன்றைக்கும் எந்த நாட்டு வகுப்புக்குப் போனாலும் பயிற்சிகளின் பெயர் பிரெஞ்சில்தான் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு, உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ.

டொராண்டோவில் இருந்து ஓர் அப்பா

எங்கள் கதை சப்பாத்துக் கடையில் நடந்தது. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வாரத்துக்கு ஒரே ஒரு வகுப்பு. ஆண்டு விழாவுக்குப் பாயின்ட் சப்பாத்து வாங்கிவரச் சொல்லிப் பழக்குகிற இடத்தில் கடிதம் தந்துவிட்டார்கள். விரல் நுனியில் நிற்பதற்குப் போடுகிற சப்பாத்து. நானும் பெருமையோடுதான் கூட்டிக்கொண்டு போனேன்.

கடையில் அளவு பார்க்கிற அம்மா வயதைக் கேட்டார். வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்று கேட்டார். பிள்ளையை ஒற்றைக்காலில் நிற்க வைத்து, குதிக்காலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். நாலாவது தரம் கணுக்கால் ஒரு பக்கம் சரிந்தது. "நான் இதை உங்களுக்கு விற்க மாட்டேன்" என்றார். நான் வாக்குவாதப்பட்டேன். அவர் ஒரு சப்பாத்தை எடுத்து என் கையில் தந்து, முனையை அழுத்திப் பார்க்கச் சொன்னார். உள்ளே மரக்கட்டை இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மரமும் இல்லை, இரும்பும் இல்லை. துணியும் காகித அட்டையும் பசையும் அடுக்கடுக்காக வைத்து இறுக்கி, மேலே சாட்டின் போர்த்தியிருக்கிறார்கள். "பிள்ளையைத் தாங்குவது அவளுடைய கணுக்காலும் இடுப்பும் முதுகும்தான். எலும்பும் இன்னும் முற்றவில்லை" என்றார். பொதுவாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குப் பிறகு, அதுவும் சில வருஷம் ஒழுங்காகப் பழகிக் கால் பலப்பட்ட பிள்ளைக்குத்தான் கொடுப்பார்களாம்.

விற்றிருந்தால் அவருக்கு லாபம். விற்காமல் விட்ட அந்த மனுஷியை நான் மறக்க மாட்டேன். இடத்தை மாற்றினோம். பன்னிரண்டு வயதில் புது ஆசிரியையே அதே கடைக்குக் கூட வந்தார். நாடாவையும் இலாஸ்டிக்கையும் பிள்ளைதான் தைக்க வேணும், அம்மா தைத்துத் தந்தால் வகுப்பில் போட விடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். முதல் சோடியைத் தைக்க இரண்டு இரவு போனது. பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற நூலால் தைத்தாள். சாதாரண நூல் அறுந்துவிடும்.

சென்னையில் பிறந்து இப்போது லண்டனில் வேலை

பெரியவங்களுக்கான தொடக்க வகுப்புக்கு முப்பத்தொரு வயசுல போனேன். எனக்குத் தெரியாம இருந்தது திருத்தத்தை வாங்கிக்கிற முறை. டீச்சர் "தோளை இறக்கு"ன்னா நான் உடனே, "கம்ப்யூட்டர் வேலைங்க, அதனாலதான்"னு காரணம் சொல்லுவேன். பக்கத்துல நின்ன அக்கா ஒருத்தங்க வகுப்பு முடிஞ்சதும் மெதுவா சொன்னாங்க: தலையை ஆட்டிட்டு அந்த நிமிஷமே செஞ்சு பாருங்க, பதில் வேண்டாம். இன்னொருத்தருக்குச் சொன்ன திருத்தத்தையும் நமக்குச் சொன்னதா எடுத்துக்கணும். அதுக்கப்புறம் ஒரு மணி நேர வகுப்புல எனக்கு வந்த பாடம் பல மடங்கு ஆச்சு.

இதையும் சொல்லணும். இதுக்கு முன்னாடி நான் போன வேற ஓரிடத்துல டீச்சர், எல்லாரும் பார்க்க என் வயித்தைக் குத்தி எடையைப் பத்திப் பேசினாங்க. அதையும் "பாலேன்னா கண்டிப்பாத்தான் இருக்கும்"னு மூணு மாசம் பொறுத்துக்கிட்டேன். பொறுத்திருக்கக் கூடாது. இப்ப இருக்கிற டீச்சர் காலைத் தொட்டுத் திருத்தணும்னா, "தொடலாமா?"ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்கறாங்க. கண்டிப்புல எந்தக் குறையும் இல்ல.

ஈஸ்ட் ஹாமில் இருந்து, பதினேழு வயது

எனக்கு நடந்தது காலுறை பற்றியது. பாலேயில் இளஞ்சிவப்புக் காலுறையும் சப்பாத்தும் போடுவதற்குக் காரணமே இடுப்பில் இருந்து விரல் நுனிவரை கால் ஒரே கோடாகத் தெரிய வேண்டும் என்பதுதான். வெள்ளைத் தோலுக்கு அது பொருந்தும். என் கைக்கும் கழுத்துக்கும் கீழே அந்த நிறம் வெட்டின மாதிரித் தெரியும். வகுப்பு உடை விதி என்று பல வருஷம் பேசாமல் போட்டேன்.

நியூயோர்க்கில் ஆர்தர் மிட்செல் என்ற கறுப்பின பாலே கலைஞர் 1969இல் தொடங்கிய ஹார்லெம் நடனக் குழுவில் எழுபதுகளிலேயே அவரவர் தோல் நிறத்தில் காலுறையும் சப்பாத்தும் போட்டு ஆடியிருக்கிறார்கள் என்று வாசித்த பிறகுதான் கேட்கத் துணிந்தேன். வகுப்பு நடுவில் கேட்கவில்லை. முடிந்த பிறகு தனியாகப் போய்க் கேட்டேன். ஆசிரியை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நானாகவே இதை நினைத்திருக்க வேண்டும்" என்றார். அடுத்த வாரமே எல்லாப் பெற்றோருக்கும் எழுதிவிட்டார். லண்டனிலேயே பாலே சப்பாத்துச் செய்கிற ஃப்ரீட் நிறுவனம், கறுப்பின, ஆசியக் கலைஞர்கள் ஆடுகிற பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து 2018இல் பழுப்பு நிறங்களில் பாயின்ட் சப்பாத்து கொண்டுவந்தது. அதில் என் நிறத்துக்குக் கிட்ட ஒன்று இருக்கிறது. நாடாவின் நிறம் மட்டும் ஒத்துவரவில்லை. அம்மா பெரிய சட்டியில் தேயிலையைக் கொதிக்க வைத்து, நாடாவை ஊறப்போட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து என் கையோடு வைத்து வைத்துப் பார்த்தார்.

ஹரோவில் இருந்து அம்மம்மா

மேலே முதலாவதாக எழுதினது என்ர மகள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போற சனிக்கிழமைகளில் நான் வாசலடியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பன். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவைக்கு சில்வர் ஸ்வான்ஸ் என்று பேத்தி படிக்கிற அதே ராயல் அகாடமி வகுப்பு வைச்சிருக்குது, வாங்கோ என்று மிஸ்தான் கேட்டா. எனக்கு அறுபத்தாறு. முழங்கால் நோ எண்டு சொன்னன். டொக்டரைக் கேட்டுவிட்டு வாங்கோ, மடிக்கக்கூடிய அளவுக்கு மடிச்சால் போதும் எண்டா.

இப்ப செவ்வாய்க்கிழமை காலமை போறன். கம்பியை இறுக்கிப் பிடிச்சால் மிஸ்ஸுக்குப் பிடிக்காது. பிடிக்கிற கை ஒரு குருவியைப் பிடிக்கிற மாதிரி இருக்க வேணுமாம். முதல் மாதம் முழுக்க என்ர விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. போன கிழமை மிஸ் பக்கத்தால வரேக்க என்ர கையைப் பார்த்தா. ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த ஆளிட்டப் போயிட்டா.