ஆயில் குடிக்கும் கார்: வால்வு சீலா, பிஸ்டன் ரிங்கா?

நண்பர்களே, என்னுடையது 2012 மாடல் பெட்ரோல் கார், 1,30,000 கி.மீ. ஓடியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறைகிறது. இரவு வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று நீலப் புகை, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மேட்டில் மிதித்து ஏறும்போது புகையே இல்லை.

மெக்கானிக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல் ‘ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்’ என்கிறார். பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலேறாமல் தடுக்கும் ரிங் தேய்ந்தால் மிதிக்கும்போதுதானே புகை வரும்? வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ரப்பரான வால்வு சீல் வழியாக இரவெல்லாம் இறங்கிய ஆயில்தான் காலையில் எரிகிறது என்று எனக்குப் படுகிறது. பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் எரிய அனுப்பும் வால்வு) மாற்றியாயிற்று, பலனில்லை.

சிலிண்டருக்குள் காற்றடித்து வால்வைத் தாங்கவைத்து, ஹெட்டை (இன்ஜினின் மேல்பகுதியை) கழற்றாமலே சீல் மாற்றலாமாம். அப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? கூலி எவ்வளவு ஆனது?