இரவில் கடலில் தெரியும் விளக்கின் தூரத்தைக் கண்ணால் கணிக்க முடியுமா?

தூண்டில்காரர்:
அனைவருக்கும் வணக்கம். வார இறுதி இரவுகளில் சிங்கப்பூரின் பெடோக் ஜெட்டியில் என் மகனுடன் தூண்டில் போடுவது வழக்கம். சென்ற வாரம், பளிச்சென்று ஒளிர்ந்த ஒரு கப்பலைக் காட்டி அது எவ்வளவு தூரம் என்று அவன் கேட்டபோது, ஒரு கிலோமீட்டர் இருக்கும் என்றேன். கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் செயலியில் பார்த்தால் நான்கு கிலோமீட்டருக்கும் அதிகம். அதே இரவில், வெகுதொலைவில் இருப்பதாக நான் எண்ணிய மங்கிய விளக்கொன்று சில நிமிடங்களில் சிறு படகாகி எங்கள் தூண்டில் நரம்புக்கு அருகே கடந்து சென்றது. ஏன் இப்படி ஏமாறுகிறோம்?

முன்னாள் கப்பல் அதிகாரி:
ஐயா, வெளிச்சத்தை வைத்துத் தூரத்தைக் கணித்ததுதான் பிழை. நங்கூரமிட்டிருக்கும் கப்பல் 100 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுடையதாக இருந்தால், தளம் முழுவதும் விளக்கேற்ற வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஓடும் கப்பல்களிலும் 50 மீட்டருக்குக் குறையாதவற்றின் கம்ப விளக்கு 6 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்) வரை தெரிய வேண்டும்; 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு 2 கடல் மைலே போதும். ஆகவே பிரகாசம் என்பது கப்பலின் அளவைத்தான் சொல்கிறது, அதன் தூரத்தை அன்று.

இன்னொரு காரணம் கண்ணின் உயரம். கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அது சுமார் 7 கிலோமீட்டர். அங்கிருந்து பார்க்கையில் இரண்டாவது கிலோமீட்டருக்கும் ஏழாவது கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட கடல் முழுவதும், கையை நீட்டிப் பிடித்த அளவுகோலில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பட்டையாகச் சுருங்கிவிடுகிறது. அதற்குள் எது முன், எது பின் என்று எவராலும் சொல்ல இயலாது. 40 மீட்டர் உயரத்து அடுக்குமாடி வீட்டிலிருந்து பார்த்தால் அதே கடல் எட்டு மில்லிமீட்டராக விரியும். 1978இல் பெடோக் கலங்கரை விளக்கத்தை லகூன் வியூவில் 25 மாடிக் கட்டடத்தின் உச்சியில் வைத்ததும் உயரத்தின் பயனுக்காகத்தான், ஆனால் அங்கே கணக்கு மறுபக்கமாக வேலை செய்கிறது: விளக்கு உயர்ந்திருந்தால் தொலைவிலிருப்பவருக்கும் தெரியும்.

கயாக் ஓட்டுநர்:
பகலில் நான் கட்டைவிரலைப் பயன்படுத்துகிறேன். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலைக் கப்பலின் முனையில் பொருத்திவிட்டு, மற்றக் கண்ணால் பார்த்தால் விரல் பக்கவாட்டில் நகரும். 300 மீட்டர் நீளக் கப்பலில் முழு நீளத்திற்கு நகர்ந்தால், அதைப் பத்தால் பெருக்க ஏறத்தாழ 3 கிலோமீட்டர். கப்பல் பக்கவாட்டில் நிற்பது அவசியம். நீரோட்டம் மாறும்போது நங்கூரமிட்ட கப்பல்கள் திரும்பிக்கொள்வதால், முனை மட்டும் தெரியும் நேரத்தில் இம்முறை உதவாது.

தூண்டில்காரர்:
மிக்க நன்றி. அந்தச் சிறு படகை எப்படி முன்கூட்டியே அறிவது?

முன்னாள் கப்பல் அதிகாரி:
ஏழு மீட்டருக்குக் குறைந்த, மெதுவாகச் செல்லும் படகு ஒரேயொரு வெள்ளை விளக்கைக் காட்டினாலே போதும் என்பதால், மங்கிய தனி விளக்கை அருகிலிருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓசை கேட்கிறதா என்றும் கவனியுங்கள்; கேட்டால் உடனே நரம்பைச் சுருட்டிவிடுங்கள்.