காத்திருப்பதைத் தொடுகையால் உணர்த்துவது எப்படி? வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பிறவியிலேயே பார்வைத் திறனும் கேட்கும் திறனும் மிகக் குறைவாக உள்ள ஏழு வயதுச் சிறுமிக்குக் கற்பித்து வருகிறேன். அனுபவமுள்ள ஆசிரியர்கள், பெற்றோர்களின் உதவியை வேண்டியே இதை எழுதுகிறேன்.

நெதர்லாந்தைச் சேர்ந்த கல்வியாளர் யான் வான் டைக் இத்தகைய குழந்தைகளுக்காக 1960களில் வகுத்த அணுகுமுறையைத் தழுவி, நாளின் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பொருளைக் குறியாக வைத்திருக்கிறோம். கரண்டி என்றால் சாப்பாடு, துண்டு என்றால் குளியல் என்பதை அவள் நன்றாகப் புரிந்துகொண்டாள். செயல் முடிந்ததும் அதற்குரிய பொருளைத் தானே எடுத்து, ‘முடிந்தது’ பெட்டியில் போட்டுவிடுகிறாள். எதைக் காட்டினாலும் அவள் கையைப் பிடித்து இழுக்காமல், என் கையை அவள் கைக்குக் கீழே வைத்தே காட்டுகிறேன். கைகளே அவளுக்குக் கண்ணும் காதும் என்பதால், அவற்றை வலிந்து நகர்த்துவது முறையன்று என்பது என் உறுதியான கருத்து.

சிக்கல் அடுத்த படியில்தான். துண்டு கைக்கு வந்தவுடனே குளியல் தொடங்க வேண்டும் என எதிர்பார்க்கிறாள்; சற்றுத் தாமதித்தாலும் துண்டை வீசிவிட்டு மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறாள். பார்வையுள்ள குழந்தை வாளியில் தண்ணீர் நிரம்புவதைக் கண்டு பொறுத்திருக்கப் பழகும்; இவளுக்கோ அந்த இடைவெளியில் எதுவுமே நிகழ்வதில்லை. காத்திருப்பதை நீங்கள் எப்படி உணர்த்தினீர்கள்? முழுத் துண்டிலிருந்து அட்டையில் ஒட்டிய சிறு துணிக்கும், பின்னர் கையால் தொட்டு உணரும் சைகைக்கும் எந்தக் கட்டத்தில் மாறினீர்கள்? மாறும்போது பழைய குறியையும் புதிய குறியையும் சில காலம் சேர்த்தே கொடுப்பது நல்லதா? குழந்தையின் பெயரோ படமோ இல்லாமல், நீங்கள் செய்து பார்த்தவற்றை விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.